வலிக்கிற இடத்தைச் சொல்லாதவர்கள்

சைக்கிளில் எந்தப் பாகம் கெட்டாலும் கடைக்கு வந்து உரக்கச் சொல்கிறவர்கள், அதை ஓட்டுகிற உடம்பில் ஒரு பாகம் கெட்டால் மட்டும் சொல்லவே மாட்டார்கள் என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம்.

நான் திருப்பதியில் ஒரு சைக்கிள் கடையில் கவுன்ட்டரில் நிற்கிறவள். ஊர் நகரி. காலையில் பாசஞ்சர் ரயிலில் வந்து சாயங்காலம் அதே ரயிலில் திரும்புகிறேன். எங்கள் முதலாளி முனிரத்தினம் ஒரு காலத்தில் மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் விட்டவர். ஊரே தவணையில் பைக் வாங்கியபோது அந்தக் கடை படுத்துவிட்டது. பைக் வாங்கியவர்களுக்குத் தொப்பையும் சர்க்கரையும் வந்த பிறகு டாக்டர்கள் சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். முதலாளி கண்ணாடிக் கதவு போட்டு, பைக் விலையில் கியர் சைக்கிள் விற்க ஆரம்பித்தார்.

பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தவள் என்று என்னை எடுத்துக்கொண்டார். எனக்குப் பேச வராது என்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. "ஏம்மா, நோரு தெரவவா? வாயே தெறக்க மாட்டியா?" என்று பார்த்தார். "புரட்டாசி முடியற வரைக்கும் பாக்கறேன். அப்புறமும் இப்படியே நின்னேன்னா வேற ஆள் போட்டுக்குவேன்" என்று கெடு வைத்தார். இந்த வேலை போனால் எனக்கு அடுத்தது தடா. எங்கள் தெருவிலிருந்து தடா பக்கத்துக் கம்பெனிகளுக்குப் பெண்களை ஏற்றிப் போக ஒரு வேன் வரும். என்னோடு படித்தவர்கள் பாதிப் பேர் அதில் ஏறி, ஹாஸ்டலில் தங்கி, ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டு செல்போன் பாகங்களைச் சேர்க்கிறார்கள். எனக்கோ பி.எட். படித்து டீச்சராக வேண்டும். கடையில் மதியம் ஆள் வராது, படிக்கலாம். பேச வராதவள் டீச்சராவது எப்படி என்று கேட்காதீர்கள். வீட்டில் ஏற்கனவே கேட்டுவிட்டார்கள்.

சொல்ல வேண்டிய வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து, அங்கே யாரையோ பார்த்துவிட்டதுபோலத் திரும்பி ஓடுகிற அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். வாயுள்ளவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.

முதுகுவலிக்காரர்

சித்தூரில் பேங்க் அதிகாரி ஒருவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பாகாலா வழியாகத் திருப்பதி வரை மிதித்து வருவார். ஒருநாள் கடைக்கு வந்து, "முதுகு வலிக்குதும்மா" என்றார். நாற்காலியைக் காட்டினேன். "பரவால்ல, நிக்கறேன்" என்றார். காபி வந்தது. நின்றுகொண்டே குடித்தார். பாஷா அண்ணன், எங்கள் மெக்கானிக், ஹேண்டில்பாரை உயர்த்திக் கொடுத்தார்.

மறு வாரமும் முதுகுவலி. மறுபடியும் நாற்காலியை மறுத்தார். அவருக்கு வலி எங்கே என்று எனக்குத் தெரியும். அவரும் அது எனக்குத் தெரியும் என்று தெரிந்து சுவரில் இருந்த டயர் விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தார். சீட்டை அளவுக்கு மேல் உயர்த்தி வைத்திருந்தார். பெடல் எட்டாமல் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரியும். சரிகிறபோதெல்லாம் தோல் உரசும். பிசிக்ஸ் படித்தவளுக்கு உராய்வைப் பற்றித் தெரியாமலா இருக்கும்? சீட்டைக் கொஞ்சம் இறக்கி, உரசுகிற இடத்தில் பெட்ரோலியம் ஜெல்லி தடவிக்கொண்டு, அவ்வப்போது பெடல் மேல் எழுந்து நின்று ஓட்டினாலே போதும். ஆனால் "உரசுகிற இடம்" என்று சொல்ல வேண்டுமே. நான் "கிரிப் மாத்திப் பாக்கலாம் சார்" என்றேன். அதற்கடுத்த வாரம் "பெடல் மாத்திப் பாக்கலாம் சார்" என்றேன். கடைசியில் அவர் சைக்கிளைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். அகலமாகக் காலை வைத்துத்தான் நடந்தார்.

"எல்லாத்தையும் மாத்திட்டீங்கம்மா. இப்ப என்னைத் தவிர எல்லாமே நல்லா இருக்குது."

அம்மா சொன்னதும் கம்பெனி சொன்னதும்

உட்காருகிற இடத்தில் மெத்தை வைத்துத் தைத்த டிராயர்கள் எங்கள் கடையில் உண்டு. நீண்ட தூரம் போகிறவர்களுக்கு அது பெரிய உதவி. அதை வெறும் உடம்பில்தான் போட வேண்டும். உள்ளே ஜட்டி போட்டால் அதன் தையல் மெத்தைக்கும் தோலுக்கும் நடுவில் அரம் மாதிரி வேலை செய்யும். இந்த டிராயர் அலமாரியை என் பொறுப்பில் விட்டிருந்தார்கள். பாஷா அண்ணன், "அது துணி. நம்ம வேலை இரும்பு" என்று முதல் நாளே கைகழுவிவிட்டார்.

பாகாலாவிலிருந்து ஒரு கான்ட்ராக்டர் வந்து, வாங்கிப்போன டிராயரை கவுன்ட்டரில் போட்டார். "மெத்தைன்னீங்க, வரி வரியா அறுக்குது" என்றார். நான் "சார், இதுக்கு உள்ளே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். பிறகு பாஷா அண்ணனிடம் போய்க் காதோரம் சொன்னேன். அவர் அதை முதலாளியின் காதில் சொன்னார். முதலாளி காதில் சொல்லும் வழக்கம் இல்லாதவர். நல்ல சனிக்கிழமைக் கூட்டம். தெலுங்கில் ஒரு தடவை, புரியாதவர்களுக்காகத் தமிழில் ஒரு தடவை, "உள்ள ஜட்டி போடக்கூடாது சார்!" என்று கடையின் அந்தக் கோடியிலிருந்து அறிவித்தார். டியூப் வாங்க வந்த இருவர் வாங்காமலே வெளியே போனார்கள். கான்ட்ராக்டர் டிராயரை மெதுவாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நைனா, எங்கம்மா நாப்பது வருஷமா போட்டுக்கினு போடா போட்டுக்கினு போடான்னாங்க. உங்க கம்பெனி வந்து போட்டுக்கினு போவாதேன்னுது. நான் யார் பேச்ச கேக்கறது?"

தைலம்

இதில் என் பங்கு கொஞ்சம் அதிகம் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்ஜினியரிங் மாணவன் ஒருவன் நண்பர்களோடு சென்னை வரை சைக்கிளில் போகிறான். "அக்கா, எரிச்சல் வராம இருக்க எதனா தடவிக்கலாமா?" என்று கேட்டான். எங்கே என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. "கிளம்பறதுக்கு முன்னாடியே தடவிக்கணும். தாராளமா தடவிக்கணும்" என்றேன். கடையில் விற்கிற ஜெல்லி டப்பாவைக் கையில் எடுத்து நீட்டியிருக்கலாம். அதை எடுத்தால் இடத்தைச் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது.

அவன் வீட்டில் தலைவலி, சளி, சுளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே தைலம்தான். கர்ப்பூரமும் புதினாவும் மணக்கும் பச்சைக் களிம்பு. அதைத் தாராளமாகத் தடவிக்கொண்டு கிளம்பியிருக்கிறான். புத்தூர் தாண்டுவதற்குள் சைக்கிளைச் சாலையோரம் போட்டுவிட்டு, யாருடையதோ பம்புசெட்டுத் தொட்டியில் இறங்கி உட்கார்ந்துவிட்டான். நிலத்துக்காரர் வந்து திட்டியும் எழுந்திருக்கவில்லையாம். மறு வாரம் கடைக்கு வந்தபோது கோபிக்கக்கூட இல்லை.

"உராஞ்சதே தெரியலக்கா. அந்த எரிச்சல்ல எனக்கு எதுவுமே தெரியல."

இதைக் கேட்டு முதலாளி சிரிக்கவில்லை. காலண்டரைப் பார்த்தார். ஆவணி முடியப்போகிறது.

தொடை என்று ஒரு வார்த்தை

ஒரு திங்கட்கிழமை, ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸம்மா ஒருவர் சைக்கிளைக் கடைக்குள்ளேயே தள்ளிக்கொண்டு வந்தார். ஐம்பது வயதிருக்கும். பஸ்ஸுக்குக் காத்திருப்பது பிடிக்காமல் சந்திரகிரியிலிருந்து தினம் மிதித்தே வேலைக்கு வருகிறவர். சீட்டின் மேல் ஜெல் உறை, அதன் மேல் பஞ்சு உறை, அதன் மேல் வெல்வெட் துணி என்று சோபா மாதிரி கட்டி வைத்திருந்தார்.

"ஏம்மா, தொடை ரெண்டும் உரசி தோல் போயிடுச்சு. இன்னா வெச்சிருக்கே?" என்றார். "தொடை" என்கிற வார்த்தை கடைக்குள் அப்படி வெளிச்சமாக வந்து நின்று நான் பார்த்ததில்லை. முதலாளி போன் வராமலே போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். பாஷா அண்ணன் ஒரு சக்கரத்தோடு பின்கட்டுக்குப் போய்விட்டார். நானும் நர்ஸம்மாவும்தான் மிச்சம். சீட்டு அகலமாகவும் மெத்தென்றும் ஆக ஆக உள்தொடையில் உரசல் கூடும் என்றும், அந்த உறைகளை எல்லாம் கழற்றிவிடலாம் என்றும், என் குரலிலேயே, பாதிக்கு மேல் கேட்கும்படி சொன்னேன். அவர் குனிந்து காது கொடுத்துக் கேட்டார். அங்கேயே எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டார். பெண்களுக்கான மெத்தை டிராயர் கேட்டார். எங்களிடம் இல்லை. ஆண்கள் அளவில் மட்டும் அலமாரி நிறைய இருந்தது. அவர் முதலாளி பக்கம் திரும்பினார். முதலாளி போனில் இன்னும் யாருக்கோ தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், இந்த ஊர்ல ஆம்பளைங்களுக்கு மட்டும்தான் தொடை இருக்குதா?"

ஈர மஞ்சள் வேட்டி

எங்கள் தெருவில் விசைத்தறி ஓட்டும் ஆண்கள் புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை சைக்கிளிலேயே திருப்பதிக்குப் போவார்கள். அலிபிரியில் சைக்கிளை விட்டுவிட்டு மலையேறுவார்கள். ரயிலில் வருகிற பெண்கள் நாங்கள் பின்னாலேயே ஏறுவோம். நைனா என்று நான் கூப்பிடும் என் அப்பாவும் அதில் உண்டு. தலைவர் கோதண்டம் மாமா. மஞ்சள் வேட்டியை நனைத்துக் கட்டிக்கொண்டு, வழியில் குளமோ குழாயோ கிடைக்கிற இடத்தில் எல்லாம் முழுக்குப் போட்டு, ஈரம் காயாமல் போக வேண்டும் என்பது வேண்டுதல். தோல் சீட்டில் உட்காரக் கூடாது என்று அதன் மேல் துண்டை மடித்துப் போட்டுக்கொள்வார்கள்.

இப்போது யாரிடமும் சைக்கிள் இல்லை. எல்லோரும் பைக். அதனால் மாமா எங்கள் கடைக்கே வந்து வாடகைக்குக் கேட்டார். முதலாளிக்குப் பழைய தொழில் ஞாபகம் வந்து முகம் மலர்ந்துவிட்டது. பிறகு சீட்டைப் பார்த்தார். ஒல்லியான சீட்டு. "இவங்க ஈரத்துணியோட இதுல ஏறிட்டு நாளைக்கு நம்ம சைக்கிளத்தான் திட்டுவாங்க. உன் ஊர் ஆளுங்க. நீதான் சொல்லி வெக்கணும்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சொல்லலன்னா தடா வேன்ல எடம் இருக்குதான்னு கேட்டு வெச்சுக்கோ" என்றும் சேர்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மினி லாரியில் சைக்கிள்களும் ஒரு பெட்டி நிறைய டிராயரும் ஜெல்லியும் நகரிக்கு வந்து இறங்கின. பெருமாள் கோயில் முன்னால் மஞ்சள் வேட்டிகள் வரிசையாக நின்றன. பின்னால் பெண்கள். ஓரத்தில் முதலாளி, கையைக் கட்டிக்கொண்டு. நைனா ஒரு சைக்கிள் மணியை அடித்து அடித்துப் பார்த்தார். என்னைப் பார்க்காமல் இருக்க அவருக்கு அது ஒன்றுதான் கிடைத்தது.

கோதண்டம் மாமா துண்டை மடித்து சீட்டில் போட்டார்.

"இது தோல் இல்ல மாமா, ரெக்ஸின். துண்டு வேணாம்" என்றேன்.

"பழக்கமாச்சும்மா. இருந்துட்டுப் போவுது."

"துண்டு சுருண்டு மடிப்பு குத்தும் மாமா. அதோட ஈர வேட்டியும் சேந்தா..."

அங்கே அந்த வார்த்தை வழக்கம்போல் திரும்பி ஓடப் பார்த்தது. எதிரே முதலாளி. அவருக்குப் பின்னால் தெருமுனை. திங்கட்கிழமை வேன் வந்து நிற்கிற இடம். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தொடை உரசி தோல் உரிஞ்சிடும் மாமா. வருஷா வருஷம் உங்க எல்லாருக்கும் உரியுது. மலை ஏறும்போது காலை அகட்டி அகட்டி ஏறுவீங்க. பின்னாடி வர்ற நாங்க அதை பக்தின்னு நெனச்சுக்கினு இருந்தோம்."

மணிச்சத்தம் நின்றுவிட்டது. பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ, "ஐயோ, ஆமாண்டி! எங்க வூட்டுக்காரரு மறுநாள் பூரா குப்புறப் படுத்துக்கினு கெடப்பாரு. இன்னான்னு கேட்டா, பெருமாள நெனச்சுக்கினு இருக்கேன்னுவாரு!" என்றாள். தெருவே சிரித்தது. ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால் நிறுத்தவில்லை. காய்ந்த மெத்தை டிராயரைப் போட்டுக்கொள்ளுங்கள், உள்ளே வேறெதுவும் வேண்டாம், உரசுகிற இடத்தில் ஜெல்லி தடவுங்கள், வழியில் கொஞ்சம் கொஞ்சம் நேரம் எழுந்து நின்று மிதியுங்கள், வேட்டியை நனைத்துத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஈரத்துணி உடம்புல இருக்கணும்னுதானே வேண்டுதல்? தோளும் உடம்புதானே மாமா?"

கோதண்டம் மாமா கோபப்படுவார் என்றுதான் எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை. மஞ்சள் வேட்டிகளை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு போனார். "உனக்குமா?" என்றார். ஒருவர் தலையாட்டினார். "உனக்கும்?" அடுத்தவரும் தலையாட்டினார். நைனாவிடம் வந்தபோது நைனா மணியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். மாமா சைக்கிளில் சாய்ந்து நின்றார்.

"எனக்கு மட்டும்தான்னு நெனச்சேன். பெருமாளுக்கு எம்மேல ஏதோ கோவம்னு வருஷா வருஷம் ஒரு முழுக்கு ஜாஸ்தியா போட்டுக்கினு இருந்தேன்!"

வேன்

அந்த வருஷம் எல்லோரும் மலையேறி இறங்கி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாற்காலியில் நேராக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வேண்டுதலில் ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது என்று ஒரு பெரியவருக்கு மட்டும் வருத்தம். வலியே இல்லாமல் போய்வந்தால் பெருமாளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். முதலாளி என்னை நிரந்தரமாக வைத்துக்கொண்டார். நிரந்தரம் என்று சொல்லவில்லை, "பொம்பளைங்க டிராயர் ஆர்டர் போடு" என்றார். அவர் மொழியில் இரண்டும் ஒன்றுதான்.

 ஞாயிறு ராத்திரி நைனா சாப்பிட்ட தட்டை அவரே கொண்டுபோய் வைத்தார். அவர் வெட்கப்பட்டால் அப்படித்தான். திங்கட்கிழமை காலை ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் நிற்கிற தடா வேன் அன்றைக்கு எங்கள் வாசலுக்கே வந்து நின்றது. ஆள் சேர்க்கிறவர் இறங்கி, "உங்க பொண்ணு பேரு போட்டுக்கட்டுமா? பி.எஸ்ஸி.ன்னா லைன்ல நல்ல வேலையா குடுப்பாங்க" என்று கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நைனா தோள் துண்டை உதறினார். தெருவில் யாராவது கேட்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அதுக்கு வேலை இருக்குதுப்பா. இன்னா வேலைன்னு மட்டும் என்கிட்ட கேக்காதே."

ஆக, வாய் திறக்காதவளை வேலையை விட்டு அனுப்பப் பார்த்தார்கள், வாய் திறந்தவளைக் கண்டதும் வாடிக்கையாளர்கள் பாஷா அண்ணனைத் தேடி ஓடுகிறார்கள், இதற்கு நடுவில் ஜெல்லி மட்டும் யாரும் வாங்குவதாகத் தெரியாமல் நன்றாக விற்றுக்கொண்டிருக்கிறது.